பிரிந்தவர்களின் தோழமையைப் பேணுவோம்

(நமது ஜமாஅத்தின் 2024-25ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இஷாத் தொழுகைக்குப் பின் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

ஆண்டுதோறும் நமது பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவதற்கு முன்னர், அவ்வாண்டில் நமது மஹல்லாவில் மவ்த்தானவர்களின் பெயர்களைச் செயலாளர் அவர்கள் வாசிப்பதும், நாம் அவர்களுக்காக துஆச் செய்வதும் வழக்கம். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் காரியம் அது. இவ்வாண்டு அதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தை நிர்வாகத்தினரிடம் கேட்டுப் பெற்றிருக்கின்றோம். காரணத்தை நீங்கள் அறிவீர்கள். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள அப்பட்டியலில் 14 பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் ஆறாவது பெயர் நம் இல்லத்தாருடையது.

ஆண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துவதற்காகச் செயலாளர் அவர்கள் அப்பட்டியலை நம்மிடம் கொண்டு வந்து தந்தார்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வஃபாத்தான தேதி, விவரம் என நான்கு பத்திகள். விவரம் என்ற பத்தியில் மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், வயோதிகம், புற்றுநோய் என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக நாமே சரிபார்த்துக் கொடுத்து வந்த படிவந்தான் அது. ஆயினும் அன்றுதான் அது கண்ணில் உறுத்தியது. நமது மையவாடியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக கப்ரு வெட்டிய பெரியவர் ஒருவர் அதில் இருக்கின்றார். இங்கு அமர்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருடைய பெற்றோருக்கு அவர் குழி வெட்டியிருப்பார்! அவருடைய பெயருக்கு எதிரே இருந்தது 'ஆஸ்துமா' என்ற ஒரே ஒரு சொல்.

நாம் மற்றவர்களைக் குறை கூற வரவில்லை. அதையேதான் நாமும் செய்து கொண்டிருந்தோம். 2024 ஆகஸ்டில் நம் இல்லத்தார் மறைந்த பின் துக்கம் விசாரிக்க வந்தோர் அனைவரிடமும் நாம் கூறியது நோயின் கதையை மட்டுமே. கட்டி கண்டது, பரிசோதனை, 21 நாட்களுக்கு ஒருமுறை ஏற்றிய கீமோ மருந்து, அறுவைச் சிகிச்சை, பின்னர் அது ஈரலுக்குப் பரவியது, கடைசி வாரம் தண்ணீர் கூட இறங்காமற் போனது என்று ஐம்பது அறுபது முறை கூறியிருப்போம். சிறு வயதில் மனனம் செய்த பாடத்தைப் போல் நாவு அதைத் தானாகவே ஒப்பித்தது. ஒரு நாள், வந்தவர்கள் எழுந்து சென்றபின், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் இளைய மகள் வந்து, "வாப்பா, உம்மா எப்போதும் நோயாளியாகத்தான் இருந்தார்களா?" என்று கேட்டாள். தாய்க்கு நோய் கண்டபோது அவளுக்கு வயது ஆறு. தாய் மறைந்தபோது எட்டு நடந்து கொண்டிருந்தது. அக்குழந்தை அறிந்த தாய் பெரும்பாலும் கட்டிலில் படுத்திருந்த தாய்தான்.

எமக்கு நிகாஹ் நடந்தது 2003ஆம் ஆண்டு. இருபத்தொரு ஆண்டுக் கால வாழ்க்கையை பத்தொன்பது மாத நோய்க்குள் நாமே அடக்கம் செய்துவிட்டோம் என்பதை ஒரு குழந்தையின் கேள்விதான் நமக்கு உணர்த்திற்று.

அன்பிற்குரியவர்களே! அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டு, அதாவது கி.பி. 619இல், மக்காவில் அன்னையவர்கள் மறைந்து ஹஜூனில் அடக்கப்பட்டார்கள். இன்று ஹாஜிகள் ஜியாரத் செய்யும் ஜன்னத்துல் முஅல்லா அதுவே. அபூதாலிப் கணவாயில் மூன்றாண்டுகள் ஊர்விலக்கத்தில் பசியும் பட்டினியுமாகக் கழிந்து, அவ்விலக்கம் நீங்கிய சிறிது காலத்திற்குள் நேர்ந்த இழப்பு. அபூதாலிப் அவர்களும் அதே ஆண்டில் மறைந்தமையால் அது துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. ஆனால் அன்னையவர்களுக்கு வந்த நோய் இன்னது, அது எத்தனை நாள் நீடித்தது என்பனவற்றை சீறா கிதாபுகள் விரித்துரைக்கவில்லை. ஹிராக் குகையிலிருந்து நடுங்கி வந்த நாயகத்தைப் போர்த்தி அணைத்ததும், உறவினரைப் பேணுகின்றவரை, விருந்தினரை உபசரிக்கின்றவரை, எளியோரின் சுமையைத் தாங்குகின்றவரை இறைவன் கைவிடமாட்டான் என்று தேற்றியதும் ஓதும் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அவர்கள் எதனால் மறைந்தார்கள் என்று கேட்டால் ஆலிம்களும் சற்று யோசிப்பார்கள்.

அன்னையவர்கள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும், மதீனாவில், அண்ணலார் (ஸல்) அவர்கள் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இதனை நமக்கு அறிவிப்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். தாம் கண்ணால் கண்டேயிராத கதீஜா மீது கொண்ட பொறாமையைப் போல் வேறெவர் மீதும் கொண்டதில்லை என்று அவர்கள் மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றார்கள். உலகில் கதீஜாவைத் தவிர வேறு பெண்ணே இல்லையோ என்று அவர்கள் கேட்கும்போது, அவர் இப்படியெல்லாம் இருந்தார், அப்படியெல்லாம் இருந்தார் என்று நாயகமவர்கள் அன்னையின் குணங்களை எடுத்துரைப்பார்கள். மக்கள் மறுத்தபோது தம்மை நம்பியதையும், மக்கள் தடுத்தபோது தம் பொருளால் உதவியதையும் நினைவு கூர்வார்கள். ஆட்டை அறுத்தால் அதைத் துண்டு துண்டாக்கி கதீஜாவின் தோழியருக்கு அனுப்பி வைப்பார்கள். இவை புகாரி, முஸ்லிம் முதலிய கிரந்தங்களில் பதிவானவை. அன்னையின் சகோதரி ஹாலா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்து வாசலில் நின்று அனுமதி கேட்டபோது, அந்தக் குரலும் கேட்ட முறையும் கதீஜாவையே ஒத்திருக்கக் கண்டு நாயகம் உள்ளம் நெகிழ்ந்தார்கள்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் நாயகத்தின் மருமகன் அபுல் ஆஸ் அவர்களும் ஒருவர். அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. அவரை மீட்பதற்காக மக்காவிலிருந்து மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் அனுப்பிய பொருள்களுள் ஒரு கழுத்தணி இருந்தது. மகளின் திருமணத்தின்போது கதீஜா அம்மையார் அணிவித்த கழுத்தணி. அதைக் கண்ட மாத்திரத்தில் அண்ணலார் பெரிதும் இளகிப் போனார்கள். கைதியை விடுவித்து, பொருளையும் மகளிடமே திருப்பி அனுப்ப நீங்கள் சம்மதிப்பீர்களா என்று தோழர்களிடம் கேட்டார்கள். தோழர்கள் இசைந்தனர். கழுத்தணி மகளின் கைக்கே திரும்பிச் சென்றது.

இருபது ஆண்டுகளாக இவற்றை மிம்பரிலே நாம் சொல்லி வந்திருக்கின்றோம். ஆனால் நம் இல்லத்தாரின் தோழியர் யார் யார் என்று எவரேனும் கேட்டிருந்தால் இரண்டு பெயருக்கு மேல் நமக்குச் சொல்லத் தெரிந்திராது.

மறைந்தவரை நினைவு கூர்தல் என்றவுடன் மூன்றாம் பாத்திஹா, நாற்பதாம் பாத்திஹா, கத்தம், நார்சா என்று பேச்சு எழும். அவ்விவாதத்திற்குள் இப்போது நாம் நுழையவில்லை. அதற்கு வேறு சபை இருக்கின்றது, வேண்டிய மட்டும் அங்கே சண்டையும் போட்டிருக்கின்றோம். எந்தக் கருத்தினராயினும் மறுக்காத கடமை ஒன்று உண்டு. மய்யித்தின் கடனை அடைத்தல். கபன் அடக்கச் செலவுக்கு அடுத்து, வஸிய்யத்திற்கும் பாகப் பிரிவினைக்கும் முன்னால், நிற்பது கடன். அந்தக் கடமைதான் நம்மைத் தோழியரிடம் கொண்டு சேர்த்தது.

நம் இல்லத்தார் வீட்டின் முன்னறையில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்தது உங்களுக்குத் தெரியும். அவ்வறையில் ரெஹாலுக்கு அடியில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று கிடந்தது. முன்பக்கத்திலிருந்து பிள்ளைகளின் பெயரும் அவர்கள் ஓதி நிற்கும் சூராவும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் கொடுக்கல் வாங்கல். வர வேண்டியதைப் பற்றி நாம் எவரிடமும் கேட்கப்போவதில்லை, அத்தனையையும் ஹலாலாக்கிவிட்டோம். நம் பிள்ளைகளில் வயது வந்தவர்களும் தம் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டனர், சிறுமியின் பங்கை நம் பணத்திலிருந்து வைத்துவிட்டோம். கொடுக்க வேண்டியதாக ஐந்து பேர் இருந்தனர். முதல் பெயர் கடைத்தெருவில் தையல் எந்திரம் போட்டிருக்கும் அம்மையார். தையற்கூலி பாக்கி 340 ரூபாய்.

மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். அவர் பணத்தை வாங்க மறுத்தார். வாங்காவிட்டால் சுமை மறைந்தவரின் மீது நிற்கும் என்று விளக்கிய பின்னரே வாங்கினார். வாங்கியவர் நம்மிடம் பேசாமல் மகளைப் பார்த்து, "உங்கள் உம்மா என்னிடம் தொப்பி தைத்த கதை தெரியுமா?" என்று கேட்டார். எமக்கே தெரியாத கதை. இரண்டாவது கீமோவுக்குப் பின் தலைமுடி முழுவதும் உதிர்ந்துவிட்டது. நம் இல்லத்தார் பழைய துப்பட்டி ஒன்றை எடுத்துச் சென்று, முழுத் தலையையும் மூடும்படி மெல்லிய தொப்பி தைத்துத் தரும்படி கேட்டிருக்கின்றார். ஒரு துப்பட்டியில் ஒன்பது தொப்பிகள் தேறின. இரண்டைத் தமக்கு வைத்துக்கொண்டு, ஏழையும் அடுத்த முறை சென்னைக்குச் சென்றபோது அங்கே மருந்தேற்றும் கூடத்தில் பக்கத்துப் படுக்கைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார். இமாமின் தொப்பியைக் காட்டிலும் நம் தொப்பி அழகாக இருக்கின்றது என்று அங்குள்ளவர்களிடம் சொல்லிச் சிரித்தாராம். அதன்பின் ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும் ஒரு பழைய துணியோடு தையற்கடைக்குப் போயிருக்கின்றார். அந்த 340 ரூபாய் அதில் வந்த பாக்கி. ஆண்கள் உள்ளே அனுமதிக்கப்படாத கூடம் அது. வெளியே வராந்தாவில் தஸ்பீஹை உருட்டிக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர் துன்பத்தில் கிடக்கின்றார் என்று மட்டுமே எண்ணியிருந்தோம். மகள் அக்கடையில் சிரித்தாள். தாய் மறைந்த பின் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டோம்.

கீரை விற்கும் அம்மையார் ஒருவர் நாள்தோறும் காலையில் நம் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து செல்வார். மவ்த்துக்குப் பின் வருவதை நிறுத்திவிட்டார். பெண் துணையில்லாத வீடாயிற்றே என்று அவருக்குக் கூச்சம். பேருந்து நிலையத்தருகே அவரைக் கண்டுபிடித்து 25 ரூபாய் கடனைக் கொடுத்தோம். அவர் மகளிடம் ஒரு கரித்துண்டை எடுத்துக் கூடையின் மேலிருந்த அட்டையில் தம் பெயரை எழுதிக் காட்டினார். வங்கியில் கைநாட்டு வைக்கக் கூசிய அவருக்கு, பிள்ளைகள் அலிஃப், பே எழுதும் அதே பலகையில் தமிழில் பெயரெழுதக் கற்றுக் கொடுத்தவர் நம் இல்லத்தார். ஒரு மாதம் பிடித்ததாம். எழுத்துகள் சற்றுக் கோணலாகத்தான் இருந்தன. ஏனைய மூவரையும் பற்றிச் சொல்லப் புகுந்தால் கணக்கு வாசிக்க நேரமிராது. பொருளாளர் கடிகாரத்தைப் பார்க்கின்றார்.

மறைந்த ஒருவருடைய வாழ்வில் வீட்டாருக்குத் தெரியாத பகுதி அவர்தம் தோழமையினரிடம் இருக்கின்றது. அண்ணலார் கதீஜாவின் தோழியரைத் தேடித் தேடி அனுப்பியதன் பொருளை இத்தனை ஆண்டுகளாக நாம் தருமம் என்ற அளவிலேயே விளங்கி வைத்திருந்தோம். சென்ற மாதம் நாமும் ஓர் ஆட்டை அறுத்து அந்த நோட்டிலிருந்த பெயர்களுக்கெல்லாம் பங்கு அனுப்பினோம். இமாமின் சம்பளத்தில் ஆடா என்று கேட்காதீர்கள், பாதி விலையை மைத்துனர் தந்தார். கீரைக்கார அம்மையாருக்கு இறைச்சி ஆகாது என்பதால் பழமும் சர்க்கரையும் போயிற்று.

தாய்மார்களே! உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கின்றது. நம் இல்லத்தார் தம் மார்பில் கட்டியை உணர்ந்தது 2022ஆம் ஆண்டின் நடுவில். எம்மிடம் சொன்னது 2023 ஜனவரியில். ஆறு மாதங்களுக்கு மேல் மறைத்து வைத்திருந்தார். வலி இல்லை; ஆண் மருத்துவரிடம் காட்ட நேருமே என்ற வெட்கம்; பிள்ளைகள் சிலர் குர்ஆனை முடிக்கும் தறுவாயில் இருந்தனர். இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. தொடக்கத்தில் கண்டுகொண்டால் குணமடைய வாய்ப்பு மிகுதி என்று மருத்துவர்கள் நம்மிடம் கூறினர். பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடம் செல்லுங்கள். கிடைக்காவிடில் ஆண் மருத்துவரிடம் தேவையான அளவு காட்டுவதை ஷரீஅத் தடுக்கவில்லை. ஃபிக்ஹு கிதாபுகளில் இது தெளிவாக உள்ளது. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற ஸஹாபியப் பெண்மணிகள் போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்கு மருந்திட்டிருக்கின்றார்கள். இவையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் மிம்பரில் ஒரு ஜும்ஆவிலும் நாம் இதைச் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. வெட்கத்தின் சிறப்பைப் பற்றி மட்டும் பலமுறை பேசியிருக்கின்றோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

நிர்வாகத்தாருக்கும் ஒரு சொல் கூற வேண்டும். சிகிச்சைக் காலத்தில் முன்னும் பின்னுமாக ஐந்து மாதங்கள் நாம் முஸல்லாவில் நிற்கவில்லை. சம்பளத்தை நிறுத்திக்கொள்ளும்படி முத்தவல்லி அவர்களிடம் சென்று சொன்னோம். அவர்கள், "ஹஜ்ரத், உஸ்மான் (ரலி) அவர்களுக்குப் பத்ரில் பங்கு கொடுக்கப்பட்டதாக நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். நோயுற்றிருந்த தம் மனைவி ருகைய்யா (ரலி) அவர்களைப் பேணுவதற்காக நாயகத்தின் ஆணைப்படி மதீனாவிலேயே தங்கிய உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் உண்டென அண்ணலார் அறிவித்தார்கள். நாம் மறந்துபோனதை நம் முத்தவல்லி நினைவில் வைத்திருந்தார்கள். ஜஸாகல்லாஹு கைரா.

இனி, அந்த முன்னறை. நோட்டின் முன்பக்கத்தில் 27 பிள்ளைகளின் பெயர்கள். கடைசிப் பதிவு 2024 மார்ச் மாதத்தது. அதன்பின் அவரால் உட்கார இயலவில்லை. மவ்த்துக்குப் பிறகு நாம் அவ்வறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். அவரிடம் ஓதி 2019இல் குர்ஆனை முடித்த மாணவி ஒருவர் நம் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கின்றார். "லாத்தா விட்ட இடத்திலிருந்து ஓதிக்கொடுக்கிறேன், திறந்து தாருங்கள்" என்று தம் மாமியார் மூலம் இருமுறை கேட்டனுப்பினார். பலகைகளும், ரெஹாலும், பாயும் அவர் வைத்தபடியே இருக்கட்டும் என்றிருந்தோம். பதில் சொல்லாமலே நாட்களைக் கடத்தினோம். கழுத்தணியின் ஹதீஸை நூறு முறை ஓதியவர் செய்யத்தக்க காரியமன்று அது. சென்ற வெள்ளியன்று சாவியை அம்மாணவியிடம் ஒப்படைத்துவிட்டோம். வருகின்ற சனிக்கிழமை அஸருக்குப் பின் வகுப்பு தொடங்கும். எந்தப் பிள்ளை எந்த சூராவில் நின்றது என்பது நோட்டில் இருக்கின்றது, அவ்விடத்திலிருந்தே ஓதலாம். சிலர் இதற்குள் மறந்திருப்பார்கள், அதனால் பாதகமில்லை. நம் மகள் 'அம்ம' ஜுஸ்வில் பாதியில் நிற்கின்றாள்.

பட்டியலில் விவரம் என்ற பத்தியை எடுத்துவிடும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டோம். 14 வீடுகளுக்கும் ஆள் அனுப்பி, நோயைப் பற்றிக் கேட்காமல், அவர் என்ன செய்து வாழ்ந்தார் என்று கேட்டு ஒரு வரி வாங்கி வந்திருக்கின்றார்கள். சில வீடுகளில் ஒரு வரி கேட்டதற்கு ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். கப்ரு வெட்டிய பெரியவரின் வீட்டில் சொன்னது இது: பிறந்த சிசுக்களின் மய்யித்துக்கு அவர் கூலி வாங்கியதே இல்லை. நமக்கும் இது புதிய செய்தி.

செயலாளர் அவர்கள் இப்போது பட்டியலை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னர் சற்று நிறுத்துவார்கள். அவரைப் பற்றி ஒரு நல்ல செய்தி அறிந்தவர்கள் இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். அதன்பின் துஆ.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.